ஆகாய மார்க்கத்தின் தூரமும் காலமும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்குப் பூமியின் மேற்பரப்பையொட்டி மிகக் குறுகிய வழி எதுவென்று கணக்கிட்டு, அந்த வழியைத் தேசப்படத்தில் ஒரு கோடாக வரைந்து பார்த்தால், அது செங்கற்பட்டைத் தொட்டு, திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் விலகாமல் கடந்து, உளுந்தூர்ப்பேட்டையை உரசிக்கொண்டு தென்மேற்கே செல்வதைக் காணலாம். ஜி.எஸ்.டி. சாலை என்று நாம் வழங்கும் பெருவழியும், எழும்பூரிலிருந்து விழுப்புரம் ஜங்ஷன் வரை வரும் இருப்புப்பாதையும், அங்கிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் பிரியும் கார்டு லைனும் ஏறத்தாழ இதே கோட்டைத் தழுவியே அமைந்திருக்கின்றன. பெரிய மலையோ, சுற்றிப் போகவேண்டிய கடற்கழியோ குறுக்கிடாத சமவெளிப் பிரதேசத்தில், சாலை வகுத்தவரும் தண்டவாளம் பதித்தவரும் ஆகாயத்தில் வழி தேடுபவரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்வது இயல்பே.

ஆகாய விமானம் பறவையைப்போல் நேராகப் போகிறதாகையால் தூரம் மிகவும் சுருங்கிவிடுகிறது என்பது பலருடைய அபிப்பிராயம். இமயமலைச் சரிவுகளில் அது உண்மையாக இருக்கலாம்; நம்முடைய பிரதேசத்தில் அவ்வளவாக இல்லை. எழும்பூரிலிருந்து விழுப்புரத்துக்கு இருப்புப்பாதையின் நீளம் 159 கிலோமீட்டர். நேர்க்கோட்டிலோ ஏறத்தாழ 150. ரயில் வண்டி சுற்றிக்கொண்டு போவது 9 கிலோமீட்டர் மட்டுமே. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நேர்க்கோட்டுத் தூரம் 36 கிலோமீட்டர் என்றால், இருப்புப்பாதை அதைவிட ஓரிரு கிலோமீட்டரே அதிகம். ஆகவே, விமானம் நமக்கு மிச்சப்படுத்தித் தருவது தூரத்தை அல்ல; காலத்தை. அந்தக் காலத்தையும் அது எவ்வளவு மிச்சப்படுத்துகிறது, எங்கே மிச்சப்படுத்தாமல் போகிறது என்பதே நாம் ஆராயத் தக்க விஷயம்.

மீனம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் நேர்க்கோட்டில் 101 கிலோமீட்டர். விழுப்புரம் 137 கிலோமீட்டர். திருச்சி 293 கிலோமீட்டர். உள்நாட்டில் பறக்கும் ஜெட் விமானங்கள் உயரே சென்று நிலைத்த பிறகு மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்வன. அந்த வேகத்தில் திண்டிவனத்துக்கு மேலிருந்து விழுப்புரத்துக்கு மேல் வர இரண்டரை நிமிஷம் போதும். சென்னையிலிருந்து திருச்சிக்கு 21 நிமிஷம் போதும். ஆனால் பிரயாணச் சீட்டில் அச்சிட்டிருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். எஞ்சிய நிமிஷங்கள் எங்கே போயின?

விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டுப் புறப்பட்ட கணத்திலிருந்து, சேருமிடத்தில் நின்று ஓயும் கணம் வரையுள்ள காலமே கால அட்டவணையில் பிரயாண நேரமாகக் குறிக்கப்படுகிறது. தரையில் ஊர்ந்து ஓடுதளத்தின் முனைக்குச் செல்லவும், முன்னே நிற்கும் விமானங்கள் ஏறிச் செல்லும்வரை காத்திருக்கவும் பத்துப் பதினைந்து நிமிஷம் கழிவது சாதாரணம். அதன்பின், விமானம் காற்றை எதிர்த்தே ஏறவேண்டும். எதிர்க்காற்று இறக்கைகளின்மீது வேகமாகப் பாய்வதால், குறைந்த தரை ஓட்டத்திலேயே மேலெழும்பும் விசை கிடைத்துவிடுகிறது. மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுதளம் கிழக்கு-வடகிழக்காகவும் மேற்கு-தென்மேற்காகவும் கிடக்கிறது. கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும் பிற்பகல் வேளையில் திருச்சிக்குச் செல்லும் விமானம், தான் போகவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடையாற்றின் கரையையும் நகரத்தையும் கடந்து கடலை நோக்கி ஏறி, பிறகே வலப்பக்கமாகத் திரும்பித் தென்மேற்கு வழியைப் பிடிக்கிறது. நேர்க்கோட்டுக் கணக்கில் சேராத கிலோமீட்டர்கள் இவ்வாறு முதலிலேயே சேர்ந்துவிடுகின்றன.

ஏறத் தொடங்கிய விமானம் உடனே 830 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதில்லை. பதினோரு கிலோமீட்டர் உயரத்தை அடைய அதற்கு இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டும். அந்த நேரத்தில் அது கடக்கும் தூரம் 200 கிலோமீட்டருக்குக் குறையாது. இறங்குவதற்கும் அவ்வளவு தூரமே தேவை. 293 கிலோமீட்டர் வழியில், ஏறுவதற்கு 200, இறங்குவதற்கு 200 என்று எங்கே ஒதுக்குவது? ஆகவே திருச்சி விமானம் முழு உயரத்துக்குப் போவதே இல்லை. திண்டிவனத்தின்மேல் வரும்போது அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்; விழுப்புரத்தைத் தாண்டிச் சற்று நேரத்துக்கெல்லாம் இறங்குவதற்கான ஆயத்தம் தொடங்கிவிடும். ஏ.டி.ஆர். என்னும் சுழல்விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டரே செல்லக்கூடியதாயினும், இந்த வழியில் ஜெட் விமானத்துக்கு அதிகமாகப் பின்தங்காமல், செலவும் குறைவாகச் சென்று சேருவதன் காரணம் இதுவே. குறுகிய தூரத்தில் வேகத்தின் மகிமை எடுபடுவதில்லை.

தூரம் வளர வளர நிலைமை மாறுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,925 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பிரயாணத்தில் சராசரி வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரை நெருங்குகிறது. லண்டன் ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர். சராசரி 800ஐ நெருங்குகிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஊர்வதற்கும் ஆகும் நேரம் எல்லாப் பிரயாணத்திலும் ஏறத்தாழ ஒன்றே. நீண்ட வழியில் அது சிறு பங்காகிக் கரைந்துவிடுகிறது. ஏர் இந்தியா நிறுவனம் 1960ஆம் ஆண்டில் போயிங் 707 என்னும் ஜெட் விமானத்தைத் தன் சேவையில் புகுத்தியது. அன்று அது பறந்த வேகத்துக்கும் இன்றைய விமானத்தின் வேகத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்பது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் தடை திடீரென்று பெருகி எரிபொருளை விழுங்கிவிடுவதால், பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானங்கள் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயே நின்றுகொண்டன. அந்த எல்லையைத் தாண்டிப் பறந்த கான்கார்டு 2003ஆம் ஆண்டோடு ஓய்வு பெற்றது.

இனி, தூரம் என்று நாம் கூசாமல் சொல்லிவிடும் இந்த எண்களின் பிறப்பைப் பார்ப்போம். மீனம்பாக்கத்திலிருந்து லண்டனுக்கு எவரும் சங்கிலி பிடித்து அளந்ததில்லை. இரண்டு ஊர்களின் அட்சாம்சமும் தீர்க்காம்சமும் தெரிந்தால், அவை பூமியின் மையத்தில் உண்டாக்கும் கோணத்தைக் கோள திரிகோண கணிதத்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பாகைக் கோணத்துக்கு நிலத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்தால், கோணத்தை அதனால் பெருக்கித் தூரத்தைச் சொல்லிவிடலாம். முழுக் கணக்கும் அந்த ஒரு பாகையின் நீளத்தையே ஆதாரமாகக் கொண்டு நிற்கிறது. அந்த நீளத்தை நம் தேசத்தில் முதன்முதலாக நுட்பமாக அளந்தறிந்தது, வேறெங்கும் அல்ல, நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே மண்ணில்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10ஆம் தேதி, வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி, பரங்கிமலையின் அடிவாரத்தில் ஓர் ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார். இன்று விமானங்கள் இறங்கும் மீனம்பாக்கம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின்மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, வெயிலில் இரும்பு எவ்வளவு நீள்கிறது என்பதை உஷ்ணமானியால் கவனித்துத் திருத்திக்கொண்டு, ஏழரை மைல் தூரத்தை அளந்து முடிக்க அவருக்கு 57 நாள் பிடித்தது. அந்த முதல் வேலையில் அந்த ஒரு கோட்டை மட்டுமே அவர் சங்கிலியால் அளந்தார். மற்றவற்றையெல்லாம் கோணங்களால் அறிந்தார்: கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் கிடைத்துவிடும், கிடைத்த பக்கத்தின்மீது அடுத்த முக்கோணம், அதன்மீது மற்றொன்று என்று, நிலத்தில் கால் வைக்காமலே தூரங்களைத் தொடுத்துக்கொண்டு போகலாம்.

கோணம் அளப்பதற்கென்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட், வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பலிடம் சிக்கி மொரீசியஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அது இன்னதென்று அறிந்த அத்தீவின் ஆட்சியாளரால் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைக்கப்பட்டது. யுத்த காலத்தில் பகைவர்க்கு உரிய யந்திரத்தை, அது சாஸ்திரத்துக்கு உரியது என்பதற்காகத் திருப்பிக் கொடுத்த அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போது மனம் நிறைகிறது. அந்த யந்திரத்தைக் குன்றுக்குக் குன்று சுமந்து ஏறிய கூலியாட்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. அதுவும் நினைக்கத் தக்கதே.

லாம்டனுடைய முக்கோணங்கள் பரங்கிமலையிலிருந்து தெற்கே படர்ந்தன. மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கருங்குழி அவருடைய நிலையங்களில் ஒன்று. தென்கோடி நிலையம் கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் குன்று; அதன் அட்சாம்சம் 11 பாகை 45 கலைக்குச் சற்றுக் குறைவு. வடகோடி நிலையம் சென்னைக்கும் வடக்கே, 13 பாகை 20 கலைக்குச் சற்றுக் குறைந்த அட்சாம்சத்தில் இருந்தது. திண்டிவனமும் விழுப்புரமும் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே அடங்குகின்றன. உச்சிவானருகே கடக்கும் நட்சத்திரங்களை இரண்டு கோடிகளிலும் நின்று பல இரவுகள் நோக்கி, இரண்டு நிலையங்களுக்கும் உள்ள கோண வித்தியாசத்தை அவர் கண்டறிந்தார். முக்கோணங்களின் வாயிலாக அவற்றுக்கிடையே தெற்கு வடக்காக உள்ள ஏறத்தாழ 175 கிலோமீட்டர் நீளத்தைக் கண்டறிந்தார். ஒன்றை மற்றொன்றால் வகுத்தபோது ஒரு பாகைக்கு 60,494 ஃபாதம் என்று விடை வந்தது. ஒரு ஃபாதம் ஆறு அடி. ஆக, அது நம் கணக்கில் 110.63 கிலோமீட்டர். செயற்கைக்கோள்களின் துணையால் பூமியின் வடிவத்தை அறிந்துள்ள இந்நாளில், அதே அட்சாம்சத்துக்கு வகுத்துப் பார்த்தாலும் 110.63 என்றே வருகிறது. சங்கிலியும் தியோடலைட்டும் கண்ணும் காகிதமும் கொண்டு, கத்திரி வெயிலில் நின்று அளந்த அளவு, இருநூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் சில மீட்டருக்கு மேல் பிசகாமல் நிற்கிறது.

அந்த ஒரு பாகை பூமியெங்கும் ஒரே நீளம் உடையதன்று. பூமி துருவங்களில் சற்றே தட்டையானது. பூமத்தியரேகையில் மையத்திலிருந்து மேற்பரப்புவரை 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். தட்டையான இடத்தில் வளைவு குறைவாகையால், ஒரு பாகை அளவுக்குத் திரும்ப அதிகத் தூரம் நடக்கவேண்டியிருக்கிறது. துருவத்தருகே ஒரு பாகைக்கு 111.7 கிலோமீட்டர், நம்மிடத்தில் அதைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைவு. பூமியை முழு உருண்டை என்று கொண்டு தூரத்தைக் கணக்கிடுபவருக்கும், இந்தத் தட்டைத்தன்மையைச் சேர்த்துக் கணக்கிடுபவருக்கும் நீண்ட வழிகளில் பத்திருபது கிலோமீட்டர் வேறுபாடு வருவதன் காரணம் இதுதான்.

தூரத்தின் எண் ஒருபுறம் இருக்க, வழியின் வடிவம் அதைவிட வியப்புக்கு உரியது. விழுப்புரம் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் பிள்ளைகள் கனடாவின் டொராண்டோ நகரத்தில் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்த்தால், அங்கே போக மேற்கே அரபிக்கடலைத் தாண்டி, அரேபியாவையும் ஆப்பிரிக்காவின் வடபகுதியையும் கடந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தின்மேல் செல்லவேண்டும் என்று தோன்றும். பள்ளிக்கூடத்துக் கோள உருண்டையை எடுத்துக்கொண்டு, நூல் ஒன்றின் ஒரு முனையைச் சென்னையில் விரலால் அழுத்திப் பிடித்து, மறு முனையை டொராண்டோவில் வைத்து இழுத்து விறைப்பாக்கிப் பாருங்கள். நூல் மேற்கே போகாது. கிட்டத்தட்ட நேர் வடக்காக எழும்பும். ராஜஸ்தானத்தின் வழியே ஏறி, கஸாக்ஸ்தானத்தைக் கடந்து, யூரல் மலைகளின் மேற்குச் சரிவையொட்டிச் சென்று, நார்வேயின் வடமுனையைத் தொட்டு, 73 பாகைக்கும் அதிகமான அட்சாம்சத்தில் வடதுருவக் கடலைத் தடவி, கிரீன்லாந்தின் பனிப்பாளத்தின் நடுவே இறங்கி, கனடாவை அடையும். அந்த வழியின் நீளம் ஏறத்தாழ 13,390 கிலோமீட்டர். வளைந்த பரப்பைத் தட்டையான காகிதத்தில் விரிக்கும்போது வடக்குப் பிரதேசங்கள் அகன்று நீண்டுவிடுவதால்தான், மிகக் குறுகிய வழி படத்தில் பெருவளைவாகவும், நீண்ட வழி நேர்க்கோடாகவும் நம் கண்ணை ஏமாற்றுகின்றன. திருச்சிக்குச் செல்லும் 293 கிலோமீட்டர் வழியில் இந்த ஏமாற்றம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் அடிக்கோல் வைத்தே இணைத்துவிட முடிகிறது.

விமானங்கள் இந்தக் குறுவழியை விட்டு ஓரளவு விலகியே பறக்கவேண்டியிருக்கிறது. அரசியலின் வேலிகள் ஆகாயத்திலும் உண்டு. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியின் பெரும்பகுதியை மூடிவைத்திருந்தபோது, டில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்றிக்கொண்டு போயின. 2022 முதல் ருஷ்யாவின் வான்வெளி பல தேசத்து விமானங்களுக்கு அடைபட்டுக் கிடக்கிறது. பூமி குறித்துக் கொடுத்த வழியை மனிதர்கள் நீட்டிவிடும் இந்த நிலைமை வருந்தத் தக்கது.

காற்றோ எவருடைய அனுமதியையும் கேட்பதில்லை. பிரயாண காலத்தை நாளுக்கு நாள் மாற்றிவிடுவதில் அதற்கு மிஞ்சிய காரணம் இல்லை. விமானத்தின் வேகம் என்று நாம் சொல்லுவது, அது தன்னைச் சூழ்ந்துள்ள காற்றை ஊடுருவிச் செல்லும் வேகம். அந்தக் காற்றே ஒரு திசையில் பாய்ந்துகொண்டிருந்தால், தரையைக் கணக்கிட்ட வேகம் அதற்கேற்பக் கூடும் அல்லது குறையும். குளிர்காலத்தில் இமயத்துக்குத் தெற்கே, வட இந்தியாவின் மீதும் பாரசீகத்தின் மீதும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. அதன் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். லண்டனிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் அந்த ஆற்றோடு வருகிறது. சென்னையிலிருந்து செல்வது அதை எதிர்த்து ஏறுகிறது. ஒரே தூரத்துக்குப் போகும்போதும் வரும்போதும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வித்தியாசப்படுவதற்கு இதுவே காரணம்.

கோடைக்குப் பின், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், நம் தலைக்குமேல் நடப்பது இதற்கு நேர் எதிர்மாறானது; நமக்கே உரிய அதிசயமும் அதுவே. ஆந்திரத்தைச் சேர்ந்த வானிலை விஞ்ஞானியும், பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமைப் பதவியை வகித்தவருமான பி. கோட்டேஸ்வரம், 1958ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தீபகற்பத்தின்மேல், சென்னையின் அட்சாம்சத்தை ஒட்டி, பதினான்கு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று நிலைத்து ஓடுவதை அதில் அவர் விளக்கினார். திபேத்து பீடபூமி கோடை வெயிலில் காய்ந்து, தனக்கு மேலுள்ள வாயுமண்டலத்தைச் சூடாக்குகிறது. தெற்கே சமுத்திரத்தின் மீதுள்ள காற்று அவ்வளவு சூடாவதில்லை. சூடான காற்றுத்தூண் விரிந்து ஓங்குவதால், உயரே, வடக்கில் அழுத்தம் மிகுந்தும் தெற்கில் குறைந்தும் போகிறது. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தெற்கே பாயவேண்டிய காற்று, பூமி சுழல்வதனால் வலப்புறமாகத் திருப்பப்பட்டு, மேற்கு நோக்கி ஓடத் தொடங்குகிறது. விழுப்புரத்து வயலில் நிற்பவர் முகத்தில் ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து அறைந்துகொண்டிருக்கும் அதே வேளையில், அவர் தலைக்கு நேர் மேலே, கண்ணுக்கெட்டாத உயரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிழக்கத்திக் காற்று பாய்ந்துகொண்டிருக்கிறது. விமானங்கள் செல்வது அந்த ஓட்டத்தின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழேயாயினும், அதன் தாக்குதலிலிருந்து அவை தப்புவதில்லை. ஆகையால் அம்மாதங்களில் சிங்கப்பூருக்குப் போகிறவர் எதிர்க்காற்றில் போகிறார். திரும்பி வருகிறவர் அதன் துணையோடு வருகிறார்.

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடுவோம், கணக்கு நேராகிவிடும் என்று எண்ணுவது பிழை. 2,900 கிலோமீட்டர் வழியில், 900 கிலோமீட்டர் வேகமுள்ள விமானத்துக்கு 100 கிலோமீட்டர் காற்று ஒருபுறம் துணையாகவும் மறுபுறம் தடையாகவும் இருந்தால், துணையோடு வர 2 மணி 54 நிமிஷம், எதிர்த்துப் போக 3 மணி 37 நிமிஷம். இரண்டும் சேர்ந்து 6 மணி 31 நிமிஷம். காற்றே இல்லாத நாளிலோ 6 மணி 27 நிமிஷத்துக்குள் போய்வந்துவிடலாம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் நிற்கிறது. துணைக்காற்றில் குறைந்த நேரமே நிற்கிறது. நஷ்டம் நீண்ட நேரமும் லாபம் குறைந்த நேரமும் நடப்பதால், போய்வரும் பிரயாணத்தில் நிலையான காற்று எப்போதும் நஷ்டத்தையே தருகிறது.

இங்கே ஒரு சந்தேகம் பலருக்கும் எழுவதுண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது; நம்முடைய அட்சாம்சத்தில் நிலத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,630 கிலோமீட்டர்; அப்படியானால், விமானம் ஆகாயத்தில் சும்மா மிதந்துகொண்டிருந்தாலே லண்டன் தானாக வந்து சேரவேண்டாமா என்று கேட்பார்கள். ஓடுகின்ற ரயில் வண்டியின் நடைபாதையில் நின்று ஒரு சிறுவன் குதித்தால், வண்டி அவனை விட்டுவிட்டு ஓடிவிடுவதில்லை. அவன் குதித்த இடத்திலேயே விழுகிறான். நிலத்தோடு கூடவே வாயுமண்டலமும் அதனுள் மிதப்பவை யாவும் சுழன்றுகொண்டிருக்கின்றன; ஓடுதளத்தை விட்டுக் கிளம்பும்போதே விமானம் அந்தச் சுழற்சியின் வேகத்தைச் சுமந்துகொண்டுதான் எழும்புகிறது. பூமியின் சுழற்சி காற்றாறுகளின் போக்கைத் திருப்புவதன் மூலமாக மட்டுமே நம் பிரயாண காலத்தில் தலையிடுகிறது.

கடிகாரத்தின் குழப்பம் வேறு வகை. சென்னையில் இரவு 11 மணிக்குப் புறப்பட்டு, சிங்கப்பூரில் காலை 6 மணிக்கு இறங்கினால், ஏழு மணி நேரம் பறந்துவிட்டதாகத் தோன்றும்; அவர்களுடைய கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது என்பதைக் கழித்தால் நாலரை மணியே மிஞ்சும். பிரயாணச் சீட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகிறது என்பதை மறவாமலிருந்தால் போதும். நம் தேசத்துக்குள்ளேயேகூட நேரம் ஒருகாலத்தில் பலவாக இருந்தது. 1792ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னை வானாய்வுக் கூடத்தின் தீர்க்காம்சத்தைக் கொண்டு, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தியதாகக் கணிக்கப்பட்ட சென்னை நேரத்தையே ரயில்வேக்கள் அனுசரித்து வந்தன. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்திய நிலை நேரம் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும், விழுப்புரத்தில் சூரியன் சராசரிக் கணக்கில் உச்சிக்கு வருவது பகல் 12 மணி 12 நிமிஷத்துக்கே. நிலை நேரத்துக்கு ஆதாரமான 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு 3 பாகை மேற்கே அந்த ஊர் அமைந்திருப்பதும், ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்பதும் அதற்குக் காரணம்.

பிரயாணி உண்மையில் செலவிடும் காலத்தைக் கணக்கிடுகிறவர், நிலத்தின் மீது கழியும் மணிகளையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அதிகாலையில் புறப்படும் சிங்கப்பூர் விமானத்துக்கு, மூன்று மணி முன்னதாக நிலையத்துக்கு வந்துசேரச் சொல்லுகிறார்கள். அதற்காக விழுப்புரத்துக் குடும்பம் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பெட்டிகளைக் காரின்மேல் கட்டி, திண்டிவனம் மேம்பாலத்தைத் தாண்டி, ஆத்தூரில் சுங்கம் செலுத்தி, செங்கற்பட்டுக்கு அருகே பாலாற்றைக் கடந்து, பரனூரில் மறுபடியும் சுங்கம் செலுத்தி, பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து, மீனம்பாக்கத்தை அடைகிறது. ரயிலில் வருகிறவர்கள் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலத்துக்கு வந்து, எதிரே தெரியும் நிலையத்துக்குள் நுழைகிறார்கள். வழிச் செலவுக்கு மூன்று மணியும், காத்திருப்புக்கு மூன்று மணியும் ஆக ஆறு மணி நேரம் கழிந்த பிறகே, நாலரை மணிப் பிரயாணம் தொடங்குகிறது. எங்கள் பக்கத்து மக்களுக்கு விமானப் பிரயாணத்தின் பெரும்பங்கு ஜி.எஸ்.டி. சாலையில்தான் நடக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆகவே, திருச்சியையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. விழுப்புரத்திலிருந்து மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் 137 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையம் 156 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விமானங்கள் செல்லுகின்றன. சிங்கப்பூருக்குத் திருச்சியிலிருந்து ஏறத்தாழ 2,982 கிலோமீட்டர்; சென்னையிலிருந்து போவதைவிட 57 கிலோமீட்டர் அதிகம்; விமானத்துக்கு அது நான்கு நிமிஷ வேலை. திண்டிவனத்துக்காரருக்குச் சென்னை 101 கிலோமீட்டரும் திருச்சி 192 கிலோமீட்டரும் ஆகையால் அவருக்கு ஆலோசிக்க இடமில்லை. அவர் வடக்கே போகவேண்டியவர்தான். விழுப்புரத்துக்காரரோ, டிக்கெட் விலை ஒத்துவந்தால், கார்டு லைனில் ஒரு பகல் நேர வண்டியைப் பிடித்து இரண்டரை மணி நேரத்துக்குள் திருச்சி ஜங்ஷனில் இறங்கி, ஐந்தாறு கிலோமீட்டர் ஆட்டோவில் சென்று, தாம்பரத்தின் பக்கமே தலைகாட்டாமல் சிங்கப்பூர் போய்ச் சேரலாம்.